குரல் நின்றால் கிரேன் நிற்கும்

சளசளா என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கட்டட வேலை நடக்கிற இடத்து ஸ்டோரில் சேர்ந்த இரண்டாம் நாளே ஆட்கள் சூட்டிவிட்ட பெயர். கையுறை கேட்டு ஜன்னலுக்கு வருகிறவன் வெறும் கையுறையோடு திரும்பிவிட முடியாது. கையுறை, அவன் பெண்டாட்டியின் முதுகுவலிக்கு ஒரு வைத்தியம், சாயங்காலம் மழை வருமா வராதா என்று ஒரு கணிப்பு, மூன்றையும் வாங்கிக்கொண்டால்தான் விடுதலை. அவசரமாக வந்தவர்கள் பக்கத்து ஆளிடம் கையுறையைக் கடன் வாங்கிக்கொண்டு போனார்கள் என்றால் பாருங்கள்.

அவளுடைய நாத்தனாரும் அதே இடத்தில்தான் வேலை பார்த்தாள். புருஷனுக்கு நேர் இளையவள், கிரேன் ஓட்டுகிறவள். அந்த நெடிய இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், அவள். காலையில் ஏணி ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். வாயில் 'ம்' என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடுவாள். கேள்விக்கும் 'ம்', பதிலுக்கும் 'ம்', கோபத்துக்குக் கொஞ்சம் நீளமான 'ம்'. ஒரே வீட்டில் கீழே சளசளா குடும்பம், மாடியில் நாத்தனார்.

"அவ்வளவு உசரத்துல பயமா இல்லையா?" என்று யாரோ ஒருநாள் கேட்டதற்கு, நாத்தனார் அபூர்வமாக ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"எங்க அண்ணி குரல் அங்க எட்டாது."

இது ஊரெல்லாம் சுற்றிச் சளசளா காதுக்கும் வந்தது. சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளே எங்கேயோ சுருக்கென்று குத்தியது.

அந்த மாதம் அவளுக்கு வேறொரு கவலை வந்து சேர்ந்தது. ஸ்டோரை மூடப்போகிறார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாச் சாமானும் தலைமை டிப்போவிலிருந்து வரும். அவளும் டிப்போவுக்குப் போகலாம், வேலை உண்டு. ஆனால் அது இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னால் கிளம்பி, அவர்கள் தூங்கின பிறகு திரும்ப வேண்டும். தான் பேசுவதைச் சலிக்காமல் கேட்கிற இரண்டு பேர் உலகத்தில் அவர்கள்தான். அவர்களையும் தூங்கும்போது மட்டும் பார்ப்பதென்றால் எப்படி?

தப்பிக்க ஒரே வழி இருந்தது. சிக்னல் வேலை. போன வருஷமே பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அலமாரியில் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்த வேலை என்னவென்றால் இதுதான். பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவில் கிணறு மாதிரி ஒரு இடுக்கு, எட்டு மாடி ஆழம். அதற்குள் கிரேன் இறக்குகிற சுமை, மேலே கூண்டில் இருப்பவள் கண்ணுக்குத் தெரியாது. கீழே ஒருத்தர் நின்று, சுமையைப் பார்த்துக்கொண்டே வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். அந்தக் குரல்தான் மேலே இருப்பவளுக்குக் கண். சுமை நகர்கிற வரைக்கும் குரல் நிற்கவே கூடாது. "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கிரேன் நிற்கும். ஏன், எதற்கு என்று கேள்வி கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் குரல் தன் காதில் ஒலிக்கலாம் என்று முடிவு செய்கிற உரிமை கிரேன் ஓட்டுகிறவருக்குத்தான். இன்ஜினியரே சொன்னாலும் பிடிக்காத குரலைத் தலையில் கட்ட முடியாது. நாத்தனார் இதற்குள் மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஒருத்தன் முணுமுணுத்தான். ஒருத்தன் கத்தினான். மூன்றாமவன் நடுவில் நிறுத்தி நிறுத்தி மூக்கைச் சொறிந்தான்.

சளசளா சான்றிதழை எடுத்துக்கொண்டு இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மேலே அண்ணாந்து கூண்டைப் பார்த்தார். வாக்கி டாக்கியை எடுத்து விஷயத்தைச் சொன்னார்.

பதில் வர வெகுநேரம் ஆயிற்று. இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு:

"மூணு நாள் பாக்கலாம்."

"போதும் சார், மூணு நாள் போதும்!" என்றாள் சளசளா. "அவ 'ம்' சொல்லாம மூணு வார்த்தை சொன்னதே எனக்கு நல்ல சகுனம்."

"சரிம்மா. ஆனா முதல்ல வேற வேலை இருக்கு" என்றார் இன்ஜினியர். அவர் கையிலிருந்த வாக்கி டாக்கியை டேப் சுற்றித்தான் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. "இதெல்லாம் மண்டையைப் போடப்போகுது. நாளைக்குச் சேல்ஸ்காரர் மூணு மாடல் கொண்டு வர்றார். ஸ்டோர் ஆள் நீதானே? பாத்து ஒண்ணை எடு."

மறுநாள் சேல்ஸ்காரர் பெட்டியைத் திறந்து மேஜையில் மூன்றையும் பரப்பினார். முதலாவதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

"மேடம், இது பத்து கிலோமீட்டர் போகும்."

"பத்து கிலோமீட்டர் தள்ளி எனக்கு யார் இருக்கா? என் மாமியார்தான் இருக்காங்க. அவங்களுக்கு வேண்டாம்." சளசளா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு நூறு மீட்டர் போதும். ஆனா நடுவுல எட்டு மாடி கான்கிரீட் இருக்கு, கம்பி இருக்கு. அதைத் தாண்டுமா?"

"அது வந்து மேடம், வெட்டவெளியில…"

"வெட்டவெளின்னா நான் கைதட்டியே கூப்பிட்டுருவேனே!"

வேலைக்கான தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு முதலாவதன் பொத்தானை அழுத்தினாள். பொத்தான் மிளகு அளவுதான் இருந்தது. பேசும் பொத்தானோடு சேனல் பொத்தானும் அமுங்கி, எங்கேயோ ஒரு டாக்ஸிக்காரர் "எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். "இங்கதான்யா" என்று அவருக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டு அதை ஓரமாக வைத்தாள்.

இரண்டாவதை எடுத்துக்கொண்டு இடுக்கின் அடிவரைக்கும் இறங்கினாள். நாத்தனார் மேலே.

"கேக்குதா?"

கரகரவென்று எண்ணெயில் எதையோ பொரிப்பது போலச் சத்தம் வந்தது.

மூன்றாவது பார்க்க அழகாக இல்லை. செங்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது மாதிரி கனம். ஆனால் பொத்தான் கட்டைவிரல் அகலம். மேஜையிலிருந்து தரையில் போட்டாள். சேல்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வாளியில் முக்கி எடுத்தாள். கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். ஹெல்மெட்டுக்குள் காதுக்கருவியைப் போட்டு, குனிந்து, நிமிர்ந்து, தலையை ஆட்டிப் பார்த்தாள். கடைசியாக இடுக்கின் அடிக்குப் போனாள்.

"கேக்குதா?"

"ம்."

அந்த 'ம்' பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது போல அவ்வளவு துல்லியமாகக் காதில் விழுந்தது. சளசளாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதுதான். ஆறு கொடுங்க."

எல்லாவற்றையும் சோதித்தவள், ஒன்றை மட்டும் சோதிக்கவில்லை. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அதில் நீளமாகப் பேசிப் பார்க்கவில்லை. மறுமுனையில் 'ம்' மட்டுமே சொல்கிறவளோடு எவ்வளவுதான் பேசிப் பார்ப்பது?

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயின. சின்னச் சின்னச் சுமைகள், குழாய்க் கட்டு, ஒட்டுப் பலகை. அரை நிமிஷம், முக்கால் நிமிஷத்தில் முடிகிற வேலை. அவள் குரல் சீராக ஒழுகியது: "இறக்கு, இறக்கு, மெதுவா இறக்கு, இன்னும் ஒரு மீட்டர், இறக்கு, அரை மீட்டர், நிறுத்து." சுமை பூ மாதிரி தரையில் உட்கார்ந்தது. நடுவில் ஒரு தடவை, "ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டதற்கு மட்டும் மேலேயிருந்து, "வேலைப் பேச்சு மட்டும்" என்று வந்தது.

மூன்றாம் நாள் பெரிய சுமை. அடித்தளத்துக்கான தண்ணீர் பம்பு, ஒரு சின்னக் கார் அளவு எடை. எட்டு மாடி ஆழம் மெதுவாக இறங்க வேண்டும். இடுக்கின் சுவரில் எட்டு, ஏழு, ஆறு என்று மாடி எண்களைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். சளசளா அடியில், சுமை விழுந்தாலும் படாத தூரத்தில், ஓரத்துத் தூணை ஒட்டி நின்றாள். சுமை சுற்றாமல் இருக்க அதில் கட்டின கயிறுகளை, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவனும் அவன் கூட்டாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். இன்ஜினியர் அவள் பின்னால் கைகட்டி நின்றார். அவருக்கு இன்றைக்கு ஒரு முடிவு வேண்டும்.

"இறக்கு, இறக்கு, இறக்கு, நல்லா வருது, இறக்கு…"

எட்டைத் தாண்டியது. ஏழைத் தாண்டியது. ஆறாம் எண்ணுக்கு நேராக வந்ததும் பம்பு நின்றுவிட்டது.

"இறக்கு, இறக்கு" என்றாள் சளசளா. அது நகரவில்லை. "இறக்கும்மா, ஒண்ணும் தடுக்கலை, இறக்கு."

பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை மறுமுனைக் குரல் கேட்காது; மேலேயிருந்து ஒரு ஹாரன் மட்டும் வந்தது. பொத்தானை விட்டு மறுபடியும் அழுத்தி, "இறக்கு" என்றாள். பம்பு இறங்கியது. அப்பாடா என்று ஐந்தைத் தாண்டி, நான்குக்கு வந்ததும் திரும்பவும் நின்றது. திரும்பவும் ஹாரன்.

"என்ன, மேல தூங்கிட்டாங்களா?" என்றான் நெட்டை, கயிற்றை இழுத்துப் பிடித்தபடி.

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், நாத்தனார் மனசு தனக்குப் புரிந்துவிட்டதென்று சளசளா முடிவு கட்டினாள். வேண்டுமென்றேதான் செய்கிறாள். நேராக 'வேண்டாம்' என்று சொல்ல மனசில்லாமல், எல்லார் முன்னாலும் இப்படித் தடுமாற விடுகிறாள். பொத்தானை அழுத்தினாள். கோபத்தில் அவள் பேச்சு நின்றதாகச் சரித்திரம் இல்லை.

"ஏம்மா, பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடேன்! எதுக்கு நடுவானத்துல நிறுத்தி வேடிக்கை காட்டுற? என் குரல் எட்டக்கூடாதுன்னுதான் நீ அங்க ஏறுறேன்னு ஊரே சொல்லுது, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பரவாயில்லை, நான் டிப்போவுக்கே போறேன். காலையில இருட்டுல கிளம்பிப் போயிட்டு வரேன், பிள்ளைங்க மூஞ்சியைத் தூங்கும்போது பாத்துக்கறேன். உனக்கு என்ன, நிம்மதியா இருக்கும். உன் கல்யாணத்துக்கு வாங்கின புடவைக்கு நான் ராத்திரி பூரா உக்காந்து ஓரம் அடிச்சேனே, அதையாவது நினைச்சுப் பாத்தியா? உங்க அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லியிருக்கலாம்! சொல்லலை! ஏன்னா எனக்கு…"

பீப்.

இந்தத் தடவை கலவை இயந்திரம் ஓடவில்லை, சுமை நகரவில்லை, இடுக்கே நிசப்தமாக இருந்தது. அதனால் அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் விரல் பொத்தானில் அழுந்தியபடியேதான் இருந்தது. ஆனால் பேசும்போது கருவியின் தலையில் எரிகிற சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

விரலை எடுத்தாள். உடனே நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணி. ஏன்னா உங்களுக்கு என்ன? அதுக்கப்புறம் கேக்கலை."

சளசளா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வேணும்னு நிறுத்தலை" என்றது குரல். "உங்க குரல் நின்னுச்சு, நான் நின்னேன். ரெண்டு தடவையும்."

"நான் எங்க நிறுத்தினேன்? பொறந்ததுலேர்ந்து நான் நிறுத்தினதே இல்லையே!"

"அது தெரியும். அதனாலதான் ஹாரன் அடிச்சேன்."

சளசளா அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். எட்டிலிருந்து ஆறு. ஆறிலிருந்து நான்கு. இரண்டு மாடிக்கு ஒரு தடவை, அளந்து வெட்டினாற்போல. ஸ்டோரில் நாலு வருஷம் சாமான் எண்ணினவளுக்கு இதுகூடப் புரியாதா? பையிலிருந்து செல்போனை எடுத்துச் சேல்ஸ்காரரை அழைத்தாள்.

"அது டைமர் மேடம்" என்றார் அவர், ரொம்ப சாதாரணமாக. "யாராவது தெரியாம பட்டன் மேல உக்காந்துட்டா லைன் அடைச்சுக்கும் இல்லையா? அதுக்காக ஒரு நிமிஷத்துல தானா கட் ஆகும். மாத்திக்கலாம், கம்ப்யூட்டர்ல போட்டு மாத்தணும், சாயங்காலம் வரேன். ஆனா மேடம், ஒரு நிமிஷம் விடாம யார் பேசுவாங்க?"

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நெட்டை கயிற்றை விடாமலே சிரித்தான்.

"சிரிச்சது போதும், கயிறைப் பிடிங்கப்பா" என்றாள் சளசளா. பம்பு நான்காம் மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை அதை அப்படியே காயப்போட முடியாது. இரண்டு நிமிஷப் பேச்சு பாக்கி இருந்தது. கையிலிருந்த கருவியோ ஒரு நிமிஷத்துக்கு மேல் தராது.

"இங்க பாரும்மா" என்றாள் வாக்கி டாக்கியில். "ஒவ்வொரு மாடி எண்ணுக்கும் நானே நிறுத்துன்னு சொல்லிட்டுப் பட்டனை விட்டுடுவேன். நீ நின்னதும் எந்த மாடின்னு திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் நான் மறுபடி ஆரம்பிப்பேன். சரியா?"

"ம்."

"ம்னா நான் இறக்கச் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்து சொல்லணும்."

கொஞ்சம் இரைச்சல். "சரி அண்ணி. சொல்றேன்."

"இறக்கு, இறக்கு, இறக்கு, மெதுவா, இறக்கு, நிறுத்து." விரலை எடுத்தாள். பேச நிறைய இருக்கும்போதே வாயை மூடுவது எவ்வளவு பெரிய பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மூணாம் மாடி, நின்னுட்டேன்" என்றாள் நாத்தனார். பிறகு, யாரும் கேட்காமலே இன்னும் பேசினாள். "அண்ணி, மேல காத்து மாறுது. மீட்டர் முள்ளு ஏறுது. சுமை உங்களுக்கு இடது பக்கம் தள்ளும். கயிறை இப்பவே இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க."

சளசளா இடது பக்கம் பார்த்தாள். இரண்டாம் மாடிச் சுவரில் புதுக் குழாயைத் தாங்க ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தது. பம்பு ஒரு முழம் நகர்ந்தால் போதும், அதில் நேராகப் போய் இடிக்கும்.

"நெட்டை, வலது பக்கம் இழு! இன்னும்! அப்படியே பிடி!"

நெட்டை காலை ஊன்றிச் சாய்ந்து இழுத்தான். அவள் பொத்தானை அழுத்தினாள். "இறக்கு, இறக்கு, கயிறு இருக்கு, இறக்கு…" காற்று பம்பை இடது பக்கம் நெட்டியது, கயிறு விறைத்தது, பம்பு அந்த இரும்புக் கையை ஒரு சாண் தள்ளிக் கடந்தது. இடுக்கிலிருந்த ஒருவரும் மூச்சு விடவில்லை, சளசளாவைத் தவிர. அவள் மூச்சு விட்டால்தானே கிரேன் இறங்கும்.

"நிறுத்து."

"ரெண்டாம் மாடி, நின்னுட்டேன். இப்ப காத்து குறையுது. போலாம்."

இன்னும் இரண்டு தடவை நிறுத்தி, இரண்டு தடவை கேட்டு, பம்பு தன் மேடையில் போய் உட்கார்ந்தது. வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

இன்ஜினியர் தன்னுடைய வாக்கி டாக்கியை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கிற சேனல். "மூணு நாள் முடிஞ்சுது. சொல்லு. இந்தக் குரல் வேணுமா, வேண்டாமா?"

சளசளா தூணைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை.

"சார், முன்னாடி வந்த மூணு பேரும் சும்மாவே நிறுத்துவாங்க" என்றாள் நாத்தனார். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நெட்டை கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். "குரல் நின்னா நிஜமா ஆபத்தா, இல்லை மூக்கு அரிக்குதான்னு எனக்குத் தெரியாது. அண்ணி குரல் நின்னா, கண்டிப்பா ஏதோ தப்பு நடந்திருக்கு. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. இதைவிட நம்பிக்கையான குரல் எனக்குக் கிடைக்காது. வேணும்."

"கேட்டியாம்மா?" என்றார் இன்ஜினியர். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து சிக்னல்."

சளசளா கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று சொன்னாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சாயங்காலம் சேல்ஸ்காரர் கம்ப்யூட்டரோடு வந்தார். நாத்தனாரும் கீழே இறங்கி வந்திருந்தாள்.

"டைமரை எவ்வளவு வைக்கட்டும்? மொத்தமா எடுத்துடவா?"

"எடுத்துடுங்க" என்றாள் சளசளா.

"எடுக்காதீங்க" என்றாள் நாத்தனார்.

"மூணு நிமிஷம்."

"ஒண்ணரை."

"ரெண்டே முக்கால். நான் அண்ணியாக்கும்."

"ரெண்டு. நான்தான் மேல இருக்கேன்."

சேல்ஸ்காரர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் வானத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் என்று முடிவாயிற்று. மாடிக்கு மாடி நிறுத்திக் கேட்பதும் அப்படியே இருக்கட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது சளசளா வழக்கம்போல ஆரம்பித்தாள். பம்பு, காற்று, நெட்டையின் கால், சேல்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்ட அழகு. தெருமுனை விளக்குக் கம்பம் வந்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன அண்ணி? ஏதாவது தப்பா?" என்று நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணுமில்லை. பட்டனை விட்டுட்டேன். நீ சொல்லு."

நாத்தனார் தூரத்தில் தெரிந்த கிரேனைக் காட்டிவிட்டு மறுபடி நடந்தாள். பிறகு சொன்னாள்.

"மேலேர்ந்து நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியும், அண்ணி. உங்க லீவு நாள்ல துணி காயப்போட வருவீங்க. பக்கத்துல யாருமே இருக்க மாட்டாங்க, நீங்க பேசிட்டே இருப்பீங்க. என்னதான் சொல்றீங்கன்னு நான் பாத்துட்டே இருப்பேன். ஒரு எழுத்தும் கேக்காது."

"கேட்டு என்ன பண்ணப்போற? சொக்காயில கறை போகலைன்னு உங்க அண்ணனைத் திட்டிட்டிருப்பேன்."

"அதைக் கேட்டிருக்கலாம்" என்றாள் நாத்தனார். "மத்தியானம் 'ஏன்னா எனக்கு'ன்னு ஆரம்பிச்சீங்களே. உங்களுக்கு என்ன?"

"அதுவா" என்றாள் சளசளா. "அது ஒரு நிமிஷத்துல முடியாது."

"ரெண்டு இருக்கே" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.